குழந்தைகள் நலக் குழுவில் குழந்தையின் பேச்சு எடுபட வேண்டுமானால்: புதிதாகச் சேர்ந்த களப்பணியாளர்களுக்கு

குழந்தைகள் இல்லத்திலோ மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகிலோ தொண்டு நிறுவனத்திலோ புதிதாகச் சேர்ந்திருக்கிறீர்கள். முதல் வாரமே ஒரு கோப்பைக் கையில் கொடுத்து, "வர்ற செவ்வாய்க்கிழமை கமிட்டி சிட்டிங். இந்தப் பொண்ணு ரிப்போர்ட்டை முடிச்சுடுங்க" என்பார்கள். பழைய கோப்புகளைப் புரட்டி எப்படி எழுதுகிறார்கள் என்று பார்ப்பீர்கள். அப்பாவின் தொழில், வீட்டு வாடகை, குடிப்பழக்கம், அக்கம்பக்கத்தார் கருத்து எல்லாம் இருக்கும். அந்தப் பெண் என்ன கேட்கிறாள் என்பது மட்டும் ஒரே வரியில் இருக்கும்: "குழந்தை பெற்றோருடன் செல்ல விருப்பம் தெரிவித்தது." பத்துக் கோப்புகளில் அதே வரி, அதே சொற்கள்.

அந்த ஒற்றை வரியை உடைப்பதற்குத்தான் இந்தக் குறிப்புகள். இதில் குழு என்பது, இப்படிப்பட்ட குழந்தை எங்கே, யாரோடு இருக்க வேண்டும் என்று முடிவெடுக்கும் குழந்தைகள் நலக் குழு (கமிட்டி). குழந்தை எவ்வளவு தெளிவாகப் பேசினாலும், பேசியது தாளில் ஏறவில்லை என்றால் குழுவுக்கும் மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்கும் அது நடக்கவே இல்லை. தமிழ்நாட்டு நடைமுறையை மனதில் வைத்து எழுதியிருக்கிறோம். பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தைகளுக்கே இது பொருந்தும். சட்டத்துடன் முரண்பட்ட, அதாவது குற்றம் செய்ததாகச் சொல்லப்படும் சிறார்களின் வழக்கு இளைஞர் நீதிக் குழுமத்துக்குப் போகும், அதன் வழி வேறு.

1. எந்தச் சட்ட வரி உங்களுக்குக் கைகொடுக்கும்

இளைஞர் நீதி (குழந்தைகள் பராமரிப்பு மற்றும் பாதுகாப்பு) சட்டம், 2015. இதில் இரண்டு இடங்களை அடிக்கோடிட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

ஒன்று, பிரிவு 3. தன்னைப் பாதிக்கும் எல்லா நடவடிக்கைகளிலும் முடிவுகளிலும் பங்கேற்கவும், தன் பேச்சு கேட்கப்படவும் ஒவ்வொரு குழந்தைக்கும் உரிமை உண்டு. வயதையும் முதிர்ச்சியையும் பார்த்து அந்தக் கருத்துக்கு மதிப்புத் தர வேண்டும் என்கிறது.

இரண்டு, பிரிவு 37. குழு இறுதி உத்தரவு போடும்போது சமூக விசாரணை அறிக்கையை, அதாவது குழந்தையின் குடும்பம், சூழல் பற்றி விசாரித்து எழுதும் அறிக்கையைப் பார்க்க வேண்டும். கருத்துச் சொல்லும் முதிர்ச்சி குழந்தைக்கு இருந்தால் அதன் விருப்பத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும். விசாரணையில் குழந்தைக்குப் பேச வாய்ப்புத் தர வேண்டும், உத்தரவு காரணங்களோடு எழுத்தில் இருக்க வேண்டும் என்று 2016ஆம் ஆண்டின் மாதிரி விதிகள் இன்னும் விரித்துச் சொல்கின்றன.

இங்கே ஒரு பொறி. "பத்து வயசுக்கு மேலதான் கேக்கணும்" என்று யாராவது உங்களிடம் சொல்வார்கள். இந்த இரு பிரிவுகளிலும் அப்படி ஒரு வயது வரம்பே கிடையாது. ஐந்து வயதுக் குழந்தைக்கு எந்தப் பாட்டியிடம் தூக்கம் வரும் என்று தெரியும். அதுவும் கருத்துதான்.

இன்னொன்றையும் மறந்துவிடாதீர்கள். குழந்தையின் விருப்பமே தீர்ப்பு ஆகிவிடாது. குழந்தையின் நலனே இறுதி அளவுகோல் என்பதும் அதே பிரிவு 3இல்தான் இருக்கிறது. நீங்கள் கேட்க வேண்டியது இவ்வளவுதான்: விருப்பம் பதிவாக வேண்டும், அதற்கு மாறாக முடிவு போனால் ஏன் என்பதும் பதிவாக வேண்டும்.

2. நாள் கணக்கு

கோப்பு கைக்கு வந்த அன்றே நாட்காட்டியில் இவற்றைக் குறியுங்கள்.

குழந்தை கிடைத்த நேரத்திலிருந்து, பயண நேரம் நீங்கலாக, 24 மணி நேரத்துக்குள் குழு முன் ஆஜர்படுத்த வேண்டும். போலீஸ், பொது ஊழியர், தொண்டு நிறுவனம், மருத்துவர், பொதுநல அக்கறையுள்ள எவரும் அழைத்துவரலாம். குழந்தை தானாகவே குழு முன் போகலாம் என்பதும் பிரிவு 31இல் இருக்கிறது. பலருக்கு இது தெரிவதில்லை.

சமூக விசாரணைக்கு 15 நாள். முதல் ஆஜரிலிருந்து 4 மாதத்துக்குள் இறுதி உத்தரவு.

இந்தப் 15 நாளில்தான் எல்லாம் கெடுகிறது. முதல் பத்து நாள் வேறு வேலையில் ஓடிவிடும். பதினோராம் நாள் அப்பாவுக்கு ஒரு போன், பன்னிரண்டாம் நாள் வீட்டு வாசலில் ஒரு புகைப்படம், பதினான்காம் நாள் இரவு அறிக்கை. குழந்தையோடு பேசியது மொத்தம் பத்து நிமிடம், அதுவும் அலுவலக அறையில். இதைத் தவிர்க்க மூன்று சந்திப்புகளை முதல் நாளே குறித்துவிடுங்கள்: 2ஆம் அல்லது 3ஆம் நாள், 7ஆம் நாள் வாக்கில், 12ஆம் நாள் வாக்கில். நடுச் சந்திப்பு வீட்டுக்குப் போய்வந்த பிறகு இருக்கட்டும். வீட்டில் பார்த்ததை வைத்துப் பேச அப்போதுதான் முடியும்.

3. தாள்கள்

குழந்தையை ஆஜர்படுத்தும்போது தரும் அறிக்கை படிவம் 17. சமூக விசாரணை அறிக்கை படிவம் 22. தனிநபர் பராமரிப்புத் திட்டம் படிவம் 7. இவை மாதிரி விதிகளின் எண்கள். உங்கள் அலுவலகத்தில் புழங்கும் அச்சுப் படிவத்தோடு ஒருமுறை ஒப்பிட்டுவிடுங்கள்.

படிவம் 7ஐ முதலில் படியுங்கள். அதில் தேவைகளையும் தலையீடுகளையும் எழுதும் அட்டவணையின் முதல் வரிசையே, பராமரிப்பு, பாதுகாப்பிலிருந்து குழந்தை எதிர்பார்ப்பது என்ன என்பதுதான். பெரும்பாலும் அதில் "நல்ல கல்வி, பாதுகாப்பான சூழல்" என்று இருக்கும். எந்தப் பன்னிரண்டு வயதுப் பையனும் அப்படிப் பேச மாட்டான். "வாரத்துக்கு ஒரு தடவையாவது தங்கச்சிகிட்ட போன்ல பேசணும்" என்றானா? அதை அப்படியே எழுதுங்கள்.

வயதில் சந்தேகம் வந்தால் பிரிவு 94 வரிசை: முதலில் பள்ளியின் பிறந்த தேதிச் சான்று அல்லது பத்தாம் வகுப்புச் சான்றிதழ், இல்லாவிட்டால் மாநகராட்சி, நகராட்சி, ஊராட்சி தரும் பிறப்புச் சான்று, இரண்டும் இல்லாதபோதுதான் மருத்துவப் பரிசோதனை. ஆதார் இந்த வரிசையில் இல்லை. ஆதாரை மட்டும் நம்பிப் போனால் அமர்வு தள்ளிப்போகும், குழந்தை இன்னும் இரண்டு வாரம் காத்திருக்கும்.

செலவு: குழு முன் மனு கொடுக்கவோ உத்தரவு வாங்கவோ கட்டணம் கிடையாது. "ஆர்டருக்குச் செலவாகும்" என்று பெற்றோரிடம் யாராவது கை நீட்டினால் அது லஞ்சம். ஆகும் செலவு நகல், பஸ், சாப்பாடு மட்டும்தான். அதைப் பெற்றோர் தலையில் கட்டாதீர்கள். வக்கீல் தேவைப்பட்டால் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவசமாகக் கிடைப்பார். குழந்தை என்றாலே தகுதி உண்டு, வருமானச் சான்று கேட்கத் தேவையில்லை. உதவி எண் 15100.

4. பேசுவது

இடத்திலிருந்து தொடங்குங்கள். கண்காணிப்பாளர் அறை வேண்டாம். மேசைக்கு அந்தப் பக்கம் நீங்கள், இந்தப் பக்கம் குழந்தை என்றும் வேண்டாம். திடலின் ஓரம், மாடிப்படி, நூலக மூலை என்று மற்றவர் காதுக்கு எட்டாத, ஆனால் கண்ணுக்குத் தெரிகிற இடம் போதும். மூடிய அறையில் தனியாக உட்காராதீர்கள். அது குழந்தைக்கும் பாதுகாப்பு, உங்களுக்கும் பாதுகாப்பு.

முதல் ஐந்து நிமிடத்தில் மூன்று விஷயங்களைச் சொல்லிவிடுங்கள். நீங்கள் யார், எதற்காகக் கேட்கிறீர்கள். முடிவு எடுப்பது நீங்கள் அல்ல, குழு என்பது. எதை ரகசியமாக வைக்க முடியும், எதை முடியாது என்பது. மூன்றாவதில்தான் பலர் சறுக்குகிறார்கள். "யார்கிட்டயும் சொல்ல மாட்டேன், சொல்லு" என்று ஒருபோதும் சொல்லாதீர்கள். பாலியல் குற்றம் பற்றிக் குழந்தை சொன்னால், குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து பாதுகாக்கும் போக்சோ சட்டத்தின் பிரிவு 19இன்படி போலீசுக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். தெரிவிக்காமல் இருப்பது குற்றம். வாக்குக் கொடுத்துவிட்டு மறுநாள் காவல் நிலையம் போனால், அந்தக் குழந்தை அதன்பின் எந்தப் பெரியவரிடமும் வாய் திறக்காது. இப்படிச் சொல்லுங்கள்: "உனக்கு ஆபத்துன்னு தெரிஞ்சா மட்டும் நான் சிலர்கிட்ட சொல்லியாகணும். சொல்றதுக்கு முன்னாடி உன்கிட்ட சொல்லிட்டுதான் செய்வேன்." அப்படி ஏதாவது சொல்ல ஆரம்பித்தால் கேளுங்கள், சொன்ன சொற்களிலேயே எழுதுங்கள், தோண்டித் துருவாதீர்கள். அதை விசாரிப்பது வேறு ஆட்களின் வேலை. ஒரே கதையை ஐந்து பேரிடம் சொல்ல வைப்பதும் கொடுமைதான்.

பிறகு கேள்விகள். கேட்கவே கூடாத கேள்வி ஒன்று இருக்கிறது, எல்லோரும் கேட்பதும் அதைத்தான்: "அம்மாகிட்ட போறியா, இங்கேயே இருக்கியா?" இந்தக் கேள்விக்குள் இரண்டே கதவுகள். பாட்டி வீடு, அத்தை வீடு, அம்மாவிடம் போனாலும் அந்த மாமா இருக்கக் கூடாது, பரீட்சை முடிந்த பிறகு போகிறேன் என்பவை எல்லாம் வெளியே நின்றுவிடும். மேலும் கேட்பவர் முகத்தைப் பார்த்தே குழந்தை பதிலைத் தேர்ந்துகொள்ளும். இல்லத்தில் கேட்டால் இல்லம், அம்மா பக்கத்தில் நின்றால் அம்மா.

இப்படிக் கேட்டுப் பாருங்கள்:

"வீட்டுல காலையில எந்திரிச்சதுல இருந்து ராத்திரி வரைக்கும் என்னென்ன நடக்கும்?"
"உனக்கு காய்ச்சல் வந்தா யாரு பாத்துப்பாங்க?"
"இப்ப ஒரே ஒருத்தருக்கு போன் பண்ணலாம்னா யாருக்குப் பண்ணுவே?"
"இங்கேருந்து வேற எங்கேயாவது போனா, எது மாறவே கூடாது?"
"எது மாறினா போதும்?"

கடைசி இரண்டில்தான் சரக்கு இருக்கிறது. எங்கே வாழ்வது என்பதைவிட எந்த நிபந்தனையோடு வாழ்வது என்பதைக் குழந்தைகள் துல்லியமாகச் சொல்வார்கள். பள்ளி மாறக் கூடாது, தம்பியைப் பிரிக்கக் கூடாது, ராத்திரி அப்பா குடித்துவிட்டு வந்தால் பக்கத்து வீட்டுக்குப் போக அனுமதி வேண்டும். இவற்றைக் குழுவால் உத்தரவில் சேர்க்கவும் முடியும். வீட்டுக்கு அனுப்பும் உத்தரவைக் கண்காணிப்போடு போடப் பிரிவு 37 இடம் தருகிறது. வறுமை மட்டுமே காரணம் என்றால் நிதி ஆதரவுத் திட்டத்தையும் பாருங்கள். மத்திய அரசின் குழந்தைகள் பாதுகாப்புத் திட்டமான மிஷன் வாத்சல்யாவில் தகுதியுள்ள குழந்தைக்கு மாதம் 4,000 ரூபாய். "வீட்டுக்குப் போகணும், ஆனா சாப்பாட்டுக்கு இல்ல" என்கிற குழந்தைக்கு இல்லம் பதில் அல்ல.

சகோதரர்களைத் தனித்தனியாகப் பேசவிடுங்கள். மூத்தவள் இருக்கும்போது இளையவன் அவள் சொன்னதையே சொல்வான். பிறகு இருவரையும் சேர்த்து ஒருமுறை.

தமிழ் தெரியாத குழந்தை என்றால் மொழிபெயர்ப்பாளர் யார் என்பதைக் கவனியுங்கள். ஒடியாவோ வங்காளமோ பேசும் பையனுக்கு, அவனை வேலைக்குக் கூட்டிவந்த மேஸ்திரியே "நான் சொல்றேன் சார்" என்று முன்வருவார். அவரை வெளியே உட்கார வையுங்கள். காது கேளாத குழந்தைக்குச் சைகை மொழி தெரிந்த சிறப்பு ஆசிரியர் வேண்டும். தலையாட்டியதைச் சம்மதம் என்று எழுதாதீர்கள்.

பெயரையும் ஊரையும் மாற்றிச் சொல்லும் குழந்தைகள் உண்டு. ஓடிவந்தவர்களில் இது சாதாரணம். பொய் சொல்கிறாய் என்று சீறினால் கதை அங்கேயே முடிந்தது. திரும்ப அனுப்பிவிடுவார்கள் என்ற பயத்தில்தான் ஊரை மறைக்கிறார்கள். எதற்குப் பயம் என்று கேட்டால் ஊர் தானாக வெளியே வரும்.

படம் வரைய வைக்கலாம், சின்னப் பிள்ளைகளுக்குப் பேச்சை அது எளிதாக்கும். ஆனால் கறுப்புக் கலர் அடித்தால் மனக்காயம், கை இல்லாமல் வரைந்தால் அடி என்றெல்லாம் அறிக்கையில் எழுதிவிடாதீர்கள். வரைந்ததைக் காட்டி "இது யாரு?" என்று கேளுங்கள். குழந்தை சொல்வதை எழுதுங்கள்.

5. எழுதுவது

நோட்டில் நான்கு விஷயங்கள் தவறாமல் இருக்கட்டும்: தேதியும் இடமும், உடன் இருந்தவர், நீங்கள் கேட்ட கேள்வி, குழந்தை சொன்ன பதில். கேள்வியையும் எழுத வேண்டும் என்பதை வலியுறுத்துகிறோம். கேள்வி தெரியாமல் பதிலுக்கு எடை போட முடியாது.

கற்பனையான ஒரு எடுத்துக்காட்டு:

"14ஆம் தேதி, மாலை 5 மணி, இல்லத்தின் திடல். வேறு யாரும் இல்லை. 'இங்கேருந்து போனா எது மாறக் கூடாது?' என்று கேட்டேன். 'ஸ்கூல் மாறக் கூடாது. பாட்டி வீட்டுக்குப் போறேன், ஆனா சித்தப்பா அங்க வந்து தங்கக் கூடாது' என்றாள். ஏன் என்று கேட்டதற்குப் பதில் சொல்லவில்லை. 19ஆம் தேதி மறுபடி பேசியபோதும் இதையே சொன்னாள்."

இதை "குழந்தை பாட்டியுடன் செல்ல விரும்புகிறது" என்று சுருக்கினால் சித்தப்பா காணாமல் போய்விடுவார். குழுவுக்குத் தெரிய வேண்டியதே அந்தச் சித்தப்பாதான்.

பேச்சு மாறினால் இரண்டையும் தேதியோடு எழுதுங்கள். நடுவில் யார் வந்து பார்த்தார்கள் என்று வருகைப் பதிவேட்டைப் புரட்டி அதையும் சேருங்கள். பேச்சு மாறுவதை நம்பகமின்மை என்று நினைக்க வேண்டியதில்லை. பல நேரம் அம்மா வந்து அழுதுவிட்டுப் போனதன் விளைவு அது.

படிவம் 22இல் உங்கள் பரிந்துரைக்கு முன்னால் குழந்தையின் கருத்தைத் தனிப் பத்தியாக வையுங்கள். இடம் போதாவிட்டால் தனித்தாள் இணையுங்கள். உங்கள் பரிந்துரை அதற்கு மாறாக இருந்தால், மாறாக இருக்கிறது என்றும் ஏன் என்றும் எழுதுங்கள். எழுதியதைக் குழந்தைக்குப் படித்துக் காட்டுங்கள். "நான் அப்படிச் சொல்லல" என்று திருத்தினால் திருத்தியதும் பதிவாகட்டும்.

6. அமர்வு நாள்

எல்லா வழக்குக்கும் பத்தரை மணி என்பார்கள். உங்கள் முறை மூன்று மணிக்கு வரும். பசித்த குழந்தையிடம் கருத்துக் கேட்பது வீண், எனவே சாப்பாடு, தண்ணீர், ஒரு கதைப்புத்தகம் கையில் இருக்கட்டும். தேர்வு நாள் என்றால் முன்கூட்டியே எழுதிக் கொடுத்துத் தேதி மாற்றக் கேளுங்கள். குற்றம் சாட்டப்பட்டவரோ குழந்தை பயப்படும் உறவினரோ அதே நடையில் உட்கார்ந்திருப்பார். முதல் வேலையாக வேறு இடம் கேளுங்கள்.

முந்தின நாள் குழந்தைக்கு அறையை விவரியுங்கள். தலைவர் ஒருவர், உறுப்பினர்கள் நால்வர். கூண்டு இருக்காது, போலீஸ் சீருடை இருக்கத் தேவையில்லை, தெரியாததற்குத் தெரியாது என்று சொல்லலாம். என்ன சொல்ல வேண்டும் என்று மட்டும் பயிற்சி கொடுக்காதீர்கள். மனப்பாடப் பேச்சைக் குழு இரண்டு நிமிடத்தில் கண்டுபிடித்துவிடும், பிறகு உண்மையையும் நம்பாது.

பெற்றோரும் இல்லப் பணியாளரும் வெளியே இருக்க, அறைக்குள் குழந்தையிடம் தனியாகக் கேட்கும்படி வேண்டுகோள் வையுங்கள். அந்தப் பணியாளர் நீங்களாக இருந்தால் நீங்களும்தான். குழந்தை பேசத் தயங்கினால் எழுதிக் கொடுக்கலாம்.

விடுமுறையில் ஒரே ஒரு உறுப்பினர் முன் ஆஜர்படுத்திய வழக்குகளில் கவனம். அது தற்காலிகமாகத் தங்கவைக்க மட்டும். இறுதி முடிவுக்குக் குறைந்தது மூன்று உறுப்பினர்கள் இருக்க வேண்டும். அன்று ஒருவரிடம் சொன்னதை வைத்தே முடித்துவிடாமல், மூவர் முன்னும் குழந்தை பேச வழி செய்யுங்கள்.

போட்டோ எடுத்து வாட்ஸ்அப் குழுவில் போடுவது வேண்டவே வேண்டாம். குழந்தையின் அடையாளத்தை வெளியிட்டால் பிரிவு 74இன்படி ஆறு மாதம் வரை சிறை, இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

7. உத்தரவு வந்த பிறகு

அன்று மாலையே, அதே குழந்தையோடு, உத்தரவை எளிய தமிழில் படியுங்கள். கேட்டது கிடைக்கவில்லை என்றால் அதையும் மழுப்பாமல் சொல்லுங்கள். எதனால், எப்போது மறுபடி கேட்கலாம் என்பதையும். அறிக்கைகள் ரகசியமானவை என்று காரணம் காட்டிக் குழந்தையிடமே மறைப்பார்கள். அறிக்கையின் சாரத்தைக் குழந்தைக்கோ பெற்றோருக்கோ தெரிவித்து, மறுத்துப் பேச வாய்ப்பளிக்கப் பிரிவு 99 குழுவுக்கு இடம் கொடுக்கிறது.

உத்தரவை ஏற்க முடியாவிட்டால் 30 நாளுக்குள் குழந்தைகள் நீதிமன்றத்தில் மேல்முறையீடு. வளர்ப்புப் பராமரிப்பு (வேறொரு குடும்பத்தில் தற்காலிகமாக வளர விடுவது), நிதி ஆதரவு தொடர்பான முடிவு என்றால் மாவட்ட ஆட்சியரிடம். முடிவைவிட, குழு நடந்துகொண்ட விதம்தான் குறை என்றால், குழந்தையிடம் பேசவே இல்லை என்பது போல, ஆட்சியரிடம் புகார் கொடுக்கலாம். 2021ஆம் ஆண்டுத் திருத்தத்தில் மாற்றி எழுதப்பட்ட பிரிவு 27(10)இன்படி பாதிக்கப்பட்ட குழந்தையே புகார் கொடுக்கலாம், குழந்தையோடு தொடர்புடைய யாரும் கொடுக்கலாம். ஒரு பக்கத்துக்குள் எழுதுங்கள், தேதிகளைப் போடுங்கள், பெற்றுக்கொண்டதற்குச் சீட்டு வாங்குங்கள்.

8. இல்லத்துக்குள்

குழு போட்ட உத்தரவு ஒரு நாள் வேலை. மற்ற நாட்களில் குழந்தைக்கு வேண்டியது சாப்பாட்டு நேரமும் போன் நேரமும் கழிப்பறைத் தாழ்ப்பாளும் பற்றிப் பேச ஒரு வழி. ஆறு வயதுக்கு மேற்பட்ட குழந்தைகள் உள்ள இல்லங்களில், அங்குள்ள குழந்தைகளையே கொண்ட 'குழந்தைகள் குழு' அமைக்க வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. கருத்துப் பெட்டி அலுவலக வாசலில் தொங்கினால் அதில் சாக்லேட் தாள்தான் விழும். படுக்கும் அறைப் பக்கம் மாற்றுங்கள். சாவி இல்லக் கண்காணிப்பாளரிடம் இருக்கக் கூடாது. இல்லத்தின் மேலாண்மைக் குழுத் தலைவரிடம் இருக்க வேண்டும், வாரம் ஒருமுறை குழந்தைகள் குழு உறுப்பினர்கள் முன்னிலையில் திறக்க வேண்டும்.

படிவம் 7இன் முன்னேற்ற அறிக்கை முதல் மூன்று மாதம் பதினைந்து நாளுக்கு ஒருமுறை, பிறகு மாதம் ஒருமுறை. ஒவ்வொரு முறையும் அந்த முதல் வரிசைக்குத் திரும்பிப் போய், அப்போது கேட்டது நடந்ததா என்று குழந்தையிடமே கேளுங்கள்.

பதினெட்டை நெருங்குபவர்களுக்கு இதைப் பதினேழிலேயே தொடங்க வேண்டும். வெளியேறும் முன் எழுதும் அறிக்கைக்குப் படிவத்தில் இருப்பது 15 நாள். அந்த 15 நாளில் ஒரு இளைஞனின் வாழ்க்கையைத் திட்டமிட முடியாது. இல்லத்திலிருந்து வெளியேறுபவர்களுக்குப் பின்பராமரிப்பு, அதாவது வெளியேறிய பிறகும் தரும் உதவி, 21 வயது வரை உண்டு என்பதை அவனிடம் முதலில் சொல்லுங்கள், எங்கே தங்க, என்ன படிக்க விருப்பம் என்று பிறகு கேளுங்கள். கூடவே ஆதார், வங்கிக் கணக்குப் புத்தகம், மாற்றுச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ் எல்லாம் அவன் பெயரில் சரியான எழுத்தோடு இருக்கிறதா என்று பாருங்கள். சாதிச் சான்றுக்குப் பெற்றோர் ஆவணம் கேட்பார்கள், அதைத் தேடவே மாதங்கள் ஆகும். அசல் எல்லாம் கண்காணிப்பாளரின் பீரோவில் இருந்தால், பட்டியல் போட்டு, அவன் கையெழுத்து வாங்கி, அவனிடமே கொடுத்து அனுப்புங்கள்.